ஸ்கானா, இரத்தமா, ஊசியா: மட்டக்களப்புத் தம்பதியர் முன்னுள்ள மூன்று வழிகள்

வயிற்றிலுள்ள சிசுவுக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற நிறமூர்த்தக் கோளாறு உண்டா என்று அறியப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. 11 முதல் 13 வாரங்களில் செய்யும் ஸ்கானும் அதனுடன் சேர்ந்த இரத்தப் பரிசோதனையும் ஒன்று. 10ஆம் வாரத்திலிருந்து தாயின் இரத்தத்தை மட்டும் எடுத்து, அதிலுள்ள டிஎன்ஏ துணுக்குகளை ஆராயும் என்ஐபிடி (NIPT) பரிசோதனை மற்றொன்று. 15 வாரங்களுக்குப் பின் ஊசி மூலம் பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது மூன்றாவது. முதலிரண்டும் வாய்ப்பு எவ்வளவு என்றே சொல்லும். இம்மூன்றில் உறுதிப்படுத்துவது மூன்றாவது மட்டுமே.

முதல் வழி, டவுன் சிண்ட்ரோம் உள்ள சிசுக்களில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும். ஆனால் குறையற்ற சிசுவைச் சுமக்கும் தாய்மாரிலும் நூற்றுக்கு ஐவரைக் கலங்க வைக்கும். என்ஐபிடி 99 சதவீதத்தைக் கண்டுபிடிக்கும். வீண் கலக்கமோ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். இதைக் கேட்டவுடன் தீர்ப்பு முடிந்துவிட்டதாகத் தோன்றும், முடியவில்லை. ஆயிரத்தில் ஒரு சிசுவுக்கு இக்குறை இருக்கும் இளந்தாய்மார் 10,000 பேரைச் சோதித்தால், உண்மையாகவே குறையுள்ள சுமார் 10 பேரோடு குறையில்லாத சுமார் 10 பேரும் 'வாய்ப்பு அதிகம்' என்ற பட்டியலில் வருவர். அதாவது, அந்த அறிக்கை சரியாக இருக்கும் சாத்தியம் ஏறத்தாழப் பாதிதான். நூற்றில் ஒரு சிசுவுக்கு இக்குறை இருக்கும் நாற்பது வயதை ஒட்டிய தாய்மாரில் அது 90 சதவீதத்தைத் தாண்டும். இப்படித் தவறு நேர ஒரு காரணம் உண்டு: 1997இல் விஞ்ஞானி டெனிஸ் லோ குழுவினர் தாயின் இரத்தத்தில் கண்டறிந்த, என்ஐபிடி ஆராயும் அந்த டிஎன்ஏ துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை; அதன் நிறமூர்த்தங்கள் சிசுவினுடையவற்றிலிருந்து அரிதாக வேறுபடலாம்.

தவிர, இதயக் குறையையோ வயிற்றுச் சுவர்ப் பிளவையோ என்ஐபிடி காட்டாது. எனவே கையில் உள்ள பணம் ஒன்றுக்கே போதுமானால், நல்ல ஸ்கானையே நான் முதலில் வைப்பேன். நெருங்கிய உறவில் மணந்தவர்கள் அஞ்சும் பரம்பரை இரத்த நோயான தலசீமியாவையும் வழக்கமான என்ஐபிடி தேடுவதில்லை. அதற்குத் தம்பதியர் இருவரின் இரத்தத்தையும் சோதிப்பதே வழி. ஊசிப் பரிசோதனையால் கருச்சிதைவு ஏற்படுவது இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. அந்தச் சிறு ஆபத்தை ஏற்பதா என்பதைத் தம்பதியரே முடிவுசெய்ய வேண்டும்.

ஆலோசனை இல்லாமல் இந்த ஒப்பீடு அரைகுறையே. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே 'குறை உண்டு என்று முடிவு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியை இரத்தம் எடுக்குமுன்னரே ஆலோசகர் கேட்டாக வேண்டும். டவுன் சிண்ட்ரோமுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருப்பதால், முன்கூட்டியே அறிந்தவர்கள் சிசுவின் இதய ஸ்கானுக்கும், குழந்தை வைத்தியர்கள் உள்ள வைத்தியசாலையில் பிரசவத்துக்கும் ஏற்பாடு செய்யலாம். அத்தகைய ஏற்பாடு எதையும் நாடாதவர், அறியாதிருப்பதையே தெரிவுசெய்வதும் நியாயமே.

மணமான பின் கணவன் மனைவியின் வீட்டில் குடியேறும் வழக்கமுள்ள இம்மாவட்டத்தில், பெண்ணின் தாயும் பெரும்பாலும் முடிவில் பங்கெடுப்பார். அவரையும் உடன் அழைத்துவருமாறு, பெண் விரும்பினால் மட்டும், சொல்லலாம். ஆனால் முதற்பேச்சு அந்தப் பெண்ணோடு தனியாகவே நடக்க வேண்டும். வீட்டுக்கு வரும் குடும்பநல மாது இவ்விடயத்தில் ஆரம்ப விளக்கம் தரலாம். 'வாய்ப்பு அதிகம்' என்ற அறிக்கையை விளக்குவதற்கோ மரபணுப் பயிற்சி பெற்ற வைத்தியர் வேண்டும். அதைத் தொலைபேசியில் ஒரே வரியில் சொல்லிவிடும் ஆய்வுகூடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தவிர்க்கத்தக்கது.