அண்ணன் வீட்டு 5 ஸ்டாரா, எங்க வீட்டு 3 ஸ்டாரா?

சென்னையில ஒரே வீடு, மாடியில அண்ணன், கீழ நாங்க, தனித்தனி மீட்டர். அவர்கிட்ட புது 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி, எங்களது பழைய 3 ஸ்டார், ரெண்டுமே ஒன்றரை டன்தான். மே, ஜூன் பில்லுல அவருக்கு 640 யூனிட், எங்களுக்கு 470. "அது எப்படிடா, உன்னோட டப்பா ஏசி"ன்னு ஒரே புலம்பல்.

அவர் ரூமுக்கு போனாலே தெரிஞ்சிடும். ஏசி 18ல, ஃபேன் ஆஃப், கழுத்து வரைக்கும் கம்பளி. இன்வெர்ட்டர் ஏசி எப்ப மிச்சம் பண்ணும்னா நாம வச்ச குளிர் வந்தப்புறம் கம்ப்ரசர் வேகத்த கொறச்சுக்கும் பாருங்க, அப்பதான். பகலெல்லாம் வெந்த மொட்டமாடிக்கு கீழ இருக்குற ரூம்ல 18 எங்கேந்து வர்றது, ராத்திரி பூரா முழு மூச்சா ஓடுது, 5 ஸ்டாருக்கு குடுத்த காசு அங்கயே போச்சு. (கீழ் வீடுங்கறதால எங்களுக்கு சூடு கம்மி, அதையும் சொல்லிடணும்.) நாங்க 26ல வச்சு ஃபேன 2ல விட்டுடுவோம். ஒரு டிகிரி ஏத்துனா சுமாரா 6% மிச்சம்னு ஸ்டார் குடுக்குற மத்திய அரசோட பிஇஇ (எரிசக்தி சிக்கன அமைப்பு) சொல்லுது, 2020லேந்து வர்ற ஏசிக்கெல்லாம் 24தான் டீஃபால்ட். அண்ணன் ரிமோட்டுக்கு பேட்டரி மாத்துனப்ப 24 காட்டுச்சு, ஆறு தடவ அமுக்கி 18க்கு கொண்டு வந்துட்டுதான் கீழ வச்சார்.

ஆனா ஃபேன்ல நான் தோத்துட்டேன். அவரோடது கரண்ட் கம்மியா இழுக்குற பிஎல்டிசி மோட்டார் ஃபேன், 30 வாட்டு, எங்களது சாதா ஃபேன், 75. தினம் 12 மணி நேரம்னா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கே 32 யூனிட் வித்தியாசம். இதுல பழக்கம் என்ன பண்ணும், இந்த ஊர்ல ஃபேன நிறுத்திட்டு உக்கார முடியுமா? செட்டாப் பாக்ஸ்ல ரெண்டு வீடும் மோசம், ரிமோட்டுல ஆஃப் பண்ணிட்டு சுவிட்ச அப்படியே விட்டுடறோம், 10 வாட்டுன்னு வச்சாலும் 14 யூனிட் சும்மா போகுது.

அண்ணனுக்கு நெஜமா வலிச்சது ரெண்டு மாச பில்லுல வர்ற 500 யூனிட் கணக்குதான். அத தாண்டிட்டா 101லேந்து 200 வரைக்கும் இருக்குற சலுகை ரேட்டு போய் அந்த யூனிட்டுக்கு கிட்டத்தட்ட ரெட்டிப்பு, 500க்கு மேல போற ஒவ்வொண்ணும் 8 ரூபாய்க்கு மேல. இத காகிதத்துல போட்டு காமிச்சப்புறம் 23க்கு வந்திருக்கார், ஃபேனும் ஓடுது. கம்பளிய மட்டும் விடமாட்டேங்குறார்.