வேலூர் வெயிலில் ஒரு ஹெரால்டு: நண்பர்கள் கூடிக் கட்டிய ஹாட் ராட், பல கோடைகளுக்குப் பிறகு

பழைய காரை வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் மாற்றிக் கட்டினால் அது ஹாட் ராட். அதைக் கட்டப் போகிறவர்கள் முதலில் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இப்போது எங்கள் 1964 ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வேகத்துக்கு ஒரு வரி போதும்: தேசிய நெடுஞ்சாலை 48இல் எழுபதில் நிம்மதியாகப் போகிறது, எண்பதில் முனகுகிறது, அதற்கு மேல் நாங்கள் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களுக்காகத்தான் நாங்கள் நள்ளிரவு வரை சண்டை போட்டோம். வண்டியை இன்றுவரை ஓட வைத்திருப்பவையோ பானட்டைத் திறந்தாலும் சட்டென்று கண்ணில் படாத வேலைகள். ஆகவே நிறத்தையும் சக்கரத்தையும் பற்றி இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஹாட் ராட் பிறந்தது அமெரிக்காவில். 1930களில் தெற்கு கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த வி8 எஞ்சினை அவற்றில் ஏற்றி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். வறண்ட படுகைக்கு எங்களிடமும் பஞ்சமில்லை, பாலாறு இருக்கிறது. வி8 எஞ்சின்தான் இல்லை. கிடைத்தாலும் நினைத்தபடி பொருத்திவிட முடியாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும். அதனால் எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் தொடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். 948 சிசி, ஏறக்குறைய 35 குதிரைத்திறன். இருப்பதை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

எதற்கு ஹெரால்டு என்று இன்னமும் கேட்கிறார்கள். அம்பாசடரும் பத்மினியும் இன்றைய கார்களைப் போல உடலே சட்டமாக அமைந்தவை. துரு ஏறினால் வெட்டி ஒட்டுவது பெரிய பட்டறைக்குரிய வேலை. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் வெளிவந்த ஹெரால்டுக்கு அடியில் தனிச் சட்டமாகச் சேஸி உண்டு. உடல் துண்டு துண்டாக அதன் மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. பானட்டும் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் மலர்ந்து திறக்கும். எஞ்சினின் இரு பக்கமும் டயரின் மீது உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரானதால் நம் பக்கத்து டாக்டர்களும் வக்கீல்களும் நிறைய வாங்கியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்ததும் பழைய வட ஆற்காடு மாவட்டத்து வீடு ஒன்றின் மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டிதான்.

கூட்டாளிகளில் ஒருவர் லேத் வைத்திருப்பவர். ஒருவர் வங்கி ஊழியர். ஒருவர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர். இன்னொருவர் மெக்கானிக்கல் ஆசிரியர். நான் மின்சார வேலை செய்கிறவன். இடம் சத்துவாச்சாரியில், ஒருவர் வீட்டுப் பின்புறத்துத் தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடுவோம். பிரியாணி அண்டாவை இறக்குவதுபோல் ஆளுக்கொரு மூலை பிடித்து உடலைத் தூக்கிச் சுவரோரம் வைத்தோம். கிரேன் எதுவும் தேவைப்படவில்லை.

சேஸியின் பக்கவாட்டுக் கைகள் எல்லா ஹெரால்டிலும் துருப்பிடித்திருக்கும். அவற்றைப் புதிதாக வெல்டிங் செய்யும்போது உடலை மேலே பொருத்தி, கதவுகளையும் மாட்டி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். வெறும் சேஸியில் வெல்டிங் முடித்துவிட்டுப் பிறகு உடலை இறக்கினால் கதவு மேலே இடிக்கும், கீழே விரல் நுழையும். எங்கள் டிங்கர் பாய் இதில் மன்னன். ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் வாஷரைச் சேர்ப்பார், எடுப்பார், கதவை மூடுவார், காது கொடுத்துக் கேட்பார். "சத்தம் சரியில்லை தம்பி, இன்னும் ஒரு வாஷர் கொடுங்கள்" என்பார். அளவுகோலை அவர் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. இன்றைக்கும் அந்தக் கதவுகள் ஒரே தட்டில் மூடுகின்றன. ஆனால் உடல் துண்டுகள் சேரும் இடங்களில் ரப்பர் பட்டைதான் காவல். ஐப்பசி மழைக்கு அது முழுக் காவல் ஆகாது. ஓட்டுநரின் இடது காலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் எப்போதும் உண்டு.

நெடுநாள் ஓட்டத்தில் உயிர் காக்கும் விஷயம் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் ட்ரன்னியனைச் சொல்வேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி மரையாக, ட்ரன்னியன் என்ற பித்தளை உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைதான் சுழல்கிறது. அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக்கூடாது. கிரீஸ் உள்ளே இறுகிக்கொள்ளும், அடி மரைக்கு எதுவும் போய்ச் சேராது, தண்ணீர் மட்டும் சேரும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி உள்ளே போய்விடும். சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டால் பையன்கள் பாசத்தோடு கிரீஸ் துப்பாக்கியைத்தான் கொண்டுவருவார்கள். அதனால் இந்த வண்டி எந்தச் சர்வீஸ் நிலையத்துக்கும் போவதில்லை. வாங்கியபோது எங்கள் வண்டியின் இடது தண்டைக் கழற்றிப் பார்த்தோம்: மரையின் பாதி தின்னப்பட்டு, ஓரத்தில் ஒரு கீறலும் விழுந்திருந்தது. அதைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். புதிதாக ஓட்டக் கேட்பவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

இனி ரேடியேட்டர். வேலூரில் கத்திரி வெயில் நாட்களில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. ஹெரால்டின் விசிறி எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது. கிரீன் சர்க்கிளில் வண்டி நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் மெதுவாகச் சுற்றும், வெப்பமானி முள் மட்டும் வேகமாக ஏறும். ரேடியேட்டரின் உள்குழாய்த் தொகுதியை மாற்றி ஒரு வரிசைக் குழாய் கூடுதலாக வைத்தோம். அது ஓடும்போது உதவியது, நிற்கும்போது உதவவில்லை. சரி, மின்விசிறி வைப்போம் என்றோம். அங்கேதான் என் வேலை வந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பழைய டைனமோ மின்விசிறிக்குத் தீனி போடாது. ஆல்டர்னேட்டர் வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு நெகடிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகடிவ் முனை வண்டி உடலோடு சேர்ந்திருப்பது, வேண்டும், இந்த வண்டியோ அந்தக் காலப் பிரிட்டிஷ் வழக்கப்படி பாசிட்டிவ் எர்த். ஆக, ஒரு விசிறிக்காக பேட்டரியைத் திருப்பிப் போட்டு, இக்னிஷன் காயிலின் இணைப்புகளை இடம் மாற்றி, மாருதி ஆம்னியின் ஆல்டர்னேட்டருக்கு லேத்தில் ஒரு தாங்கி கடைந்து, முழு வயரிங்கையும் புதிதாக இழுத்தோம். பலன்? மே மாத மதியத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. போட்ட பணத்தில் மிக நன்றாக உழைத்தது இதுதான் என்பது என் கட்சி. மின்சாரக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று மற்றவர்கள் சொல்வதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அடுத்த தலைவலி பெட்ரோல். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு போய்விட்டது. ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் வால்வு இருக்கைகளுக்குப் பாதுகாப்பு. ஹெட்டைக் கழற்றிய கையோடு கெட்டியான இருக்கைகளை அமுக்கிவிட்டதால் அந்தக் கவலை தீர்ந்தது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் வேறு கவலை வந்தது. அந்தக் காலத்து ரப்பரை எத்தனால் கரைத்துத் தின்கிறது. பெட்ரோல் பம்பின் டயாபிரம் கொழகொழவென்று ஆகி, ஹோஸ் உள்ளே உரிந்து, கார்புரேட்டரில் கறுப்புத் தூளாக வந்து உட்கார்ந்தது. ஹோஸ், டயாபிரம், வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்கிய பிறகுதான் எஞ்சின் இருமுவதை நிறுத்தியது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை அரைகுறையாக விட்டுவைக்காதீர்கள். கோடையில் பம்பிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், பழைய டாக்சி ஓட்டுநர்களின் வைத்தியம் இன்றும் பலிக்கிறது: பம்பின் மேல் ஈரத்துணி.

ஏலகிரிக்குத் தனிப் பத்தி வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இந்தக் காரின் திரும்பு வட்டம் 25 அடிதான். புதிய கார்கள் தயங்கித் தயங்கித் திரும்பும் இடத்தில் ஹெரால்டு ஒரே மூச்சில் சுற்றி வந்துவிடும். ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். ஆனால் இறங்கும்போது கவனம். பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சுகளில் நிற்கின்றன. வளைவின் நடுவில் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பக்கம் தூக்கி, வெளிச் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். இதற்காகக் குறுக்கு ஸ்பிரிங் பட்டையை லாரிப் பட்டை வேலை செய்பவரிடம் கொடுத்து வளைவைக் குறைத்தோம். பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தது, சக்கரங்கள் அகன்று ஊன்றின. ஹாட் ராட் தோற்றமும் அதிலேயே வந்துவிட்டது. தோற்றத்துக்காக நாங்கள் செய்தவற்றில் உருப்படியானது இது ஒன்றுதான். விலை: வண்ணம் பூசாத வேகத்தடை ஒவ்வொன்றும் சைலன்சரை நலம் விசாரிக்கிறது. ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். மின்விசிறி வருவதற்கு முந்தைய காலத்தில் ஒருமுறை, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவில் எங்கள் தேர் கொதித்து நின்றது. பாரியிடமிருந்து ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

இருக்கைகளுக்கு நம் ஊர்த் தோல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றோம். தோல்கார நண்பர் உடனே தலையசைக்கவில்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணி மேல்பகுதிக்கு வரும் ஆட்டுத்தோல் சிறிது, மெல்லிது. இருக்கைக்குப் போட்டால் தையல் மயமாக இருக்கும், உட்காரும் இடத்தில் இழுத்து விரியும். எருமைத்தோல் வாங்கித் தந்தார். கனம், கொஞ்சம் முரடு, ஆனால் வெயிலில் வெடிக்கவில்லை. மே மாதத்தில் அதன் மேல் துண்டு விரிக்காமல் உட்கார்பவரின் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

பலர் சேர்ந்து வைத்திருக்கும் வண்டி என்பதால் சொல்ல வேண்டியவை சில. ஆர்.சி. ஒருவர் பெயரில்தான் இருக்கும். காப்பீடும் அவர் பெயரில். ஏதாவது நடந்தால் பதில் சொல்பவரும் அவரே. இதை முதலிலேயே வெளிப்படையாகப் பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நட்புக்கு நல்லது. டேஷ்போர்டில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. ஓட்டியவர் கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர், கேட்ட புதுச்சத்தம் எல்லாம் எழுத வேண்டும். வங்கி நண்பர் கணக்கில் கறார். மொத்தச் செலவு ஒரு புதிய சிறிய காரின் விலையைத் தாண்டியபோது அவர்தான் கூட்டுவதை நிறுத்தினார். பெரிய தொல்லை மாப்பிள்ளை அழைப்பு. உறவில் எங்கே கல்யாணம் என்றாலும் வண்டியைக் கேட்கிறார்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் முதல் கியரில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் வேகும். போதாக்குறைக்கு இந்த எஞ்சினில் கிளட்சை மிதிக்கும் அழுத்தம் முழுவதும் கிராங்க் என்ற சுழல் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் மீது விழுகிறது. அவை தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் வீண். ஊர்வலம் முடிந்து வண்டி திரும்பியதும் ஒருவர் கிளட்சை மிதிப்பார், மற்றவர் முன்னால் குனிந்து கிராங்க் புல்லி நகர்கிறதா என்று பார்ப்பார். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகர்ந்தால் எண்ணெய்ச் சட்டியைக் கழற்ற வேண்டியதுதான்.

உதிரிப் பாகங்களுக்கு முதல் படி சென்னை புதுப்பேட்டை. கிடைக்காததை லேத்தில் கடைகிறோம். ட்ரன்னியனும் திரஸ்ட் வாஷரும் மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறோம். டிரையம்ஃப் கார் வைத்திருப்பவர்களுக்காக அங்கே இன்னும் செய்கிறார்கள்.

இப்போது எங்களைப் பிரித்து வைத்திருப்பது வேறொரு கேள்வி. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். ஆசிரியர் விண்ணப்பிக்கலாம் என்கிறார். லேத் நண்பருக்கு ஏலகிரி போய்விடுமே என்ற ஆத்திரம். தொழிற்சாலையே அன்று இங்கிலாந்தில் விற்ற வகையில் இரட்டைக் கார்புரேட்டர் பொருத்த வேண்டும் என்று அவர் வாங்கி வைத்த ஜோடி, முடிவு தெரியாமல் வங்கி நண்பரின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. "அண்ணா, அந்தப் பெட்டியை எப்போது எடுக்கிறீர்கள்?" என்று அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். தை மாதம் கூடிப் பேசுவதாக இருக்கிறோம். அதற்குள் இரண்டாவது கியரில் கேட்கும் புதுச்சத்தத்துக்குக் கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தாக வேண்டும்.