ரெசின் டேபிள் பாலிஷ்: 14,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்க

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியிடம் 14,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எபாக்சி ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிளாஸ்டிக் பிசின்) டேபிள் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

கோபியில் எங்கள் தோட்டத்து வாகை மரத்தை அறுத்துச் செய்த டேபிள், நடுவில் நீல ரெசின். சூடான பாத்திரம் வைத்த வட்டங்களும் கீறல்களுமாக மங்கிப்போயிருந்தது. முதல் நாள் வந்தவர் ஒரு மூலையில் கையகல இடத்தை மட்டும் தேய்த்துக் காட்டினார். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நைசு) 400, 600, 800, 1000 என்று மாற்றி மாற்றி 3000 வரை பொறுமையாகப் போனார். கடைசியில் காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசை வைத்துத் துடைத்ததும் மேலே எரிந்த டியூப்லைட் அதில் அப்படியே தெரிந்தது. "பாருங்க்கா, மொத்த டேபிளும் இப்படித்தான் வரும்" என்றார். பேச்சில் அவ்வளவு மரியாதை. முழுத் தொகையும் கட்டினால்தான் வேலை தொடங்கும் என்று செயலியில் வந்தது, கட்டினேன்.

மறுநாள் வந்ததோ வேறு பையன்கள். தண்ணீரே தொடவில்லை. கிரைண்டரில் 120 நம்பர் போட்டு வறட்டுத் தேய்ப்பு, அங்கிருந்து நேராக 1000. முந்தின நம்பர் போட்ட கீறலை அடுத்த நம்பர் அழிக்க வேண்டும், அதற்குத்தான் வரிசையாகப் போவது. இடையில் தாவினால் ஆழமான கீறல் அப்படியே நிற்கும். அப்புறம் முழு வேகத்தில் பஃபிங், அதாவது மெஷினில் மெருகேற்றுவது. ரெசினுக்குச் சூடு ஆகாது, ஓரிடத்தில் இளகி அலை அலையாக இழுத்துவிட்டது. மேலே ஏதோ மெழுகைப் பூசி, பளபளப்பைக் காட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

சில நாளில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். பளபளப்பு துணியோடு வந்துவிட்டது, அடியில் டேபிள் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்! 14,500 ரூபாய்க்கு மெழுகு!

போன் போட்டால் "ரெசினே மட்டமுங்க்கா" என்றார்கள். அடுத்த முறை "மழைக்காலமுங்க, ஈரத்துக்கு அப்படித்தான் ஆகும்." ரெசின் ஊற்றும்போதுதான் ஈரம் தொல்லை, இறுகி வருடக்கணக்கான டேபிளுக்கு என்ன ஈரம்? அதே டேபிளில் அந்த மூலை மட்டும் எப்படி மின்னுகிறது என்று கேட்டேன். லைன் கட். செயலியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று வந்து நிற்கிறது. யார் தீர்த்தது, எப்போது தீர்த்தது? என் 14,500 ரூபாய் எங்கே? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முழுத் தொகையை முன்பே கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூலையில் செய்து காட்டியவரே முழு வேலையும் செய்வார் என்று எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் தருவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. வீடு முழுக்கப் படிந்ததைக் கூட்டிப் பெருக்கியதும் நான்தான்.