311 என்று ஸ்டிக்கர், அதற்கு அடியில் 395: ரூ.14,500 போச்சு

அம்மாவுக்கு ஒன்பது வருஷமாக சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலையோரம் எல்லாம் செதில் செதிலாக உதிரும். டாக்டர் சொன்னது நேரோபேண்ட் யுவிபி, அதாவது 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி. வாரம் மூன்று நாள், சில மாதங்களுக்கு. பரமக்குடியிலிருந்து மதுரைக்கு வாரம் மூன்று தரம் அலைய முடியுமா? அதனால்தான் வீட்டிலேயே காட்டிக்கொள்ளும் கைவிளக்கைத் தேடினேன்.

மருத்துவக் கருவி விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம். பேசியவன் முதலில் விலையே சொல்லவில்லை. "அம்மாவுக்கு ராத்திரியில அரிப்பு ஜாஸ்தியாண்ணே?" என்று கேட்டான். ஒன்பது வருஷத்தில் சொந்தக்காரர்கள்கூடக் கேட்காத கேள்வி. அப்போதே ரூ.14,500 அனுப்பிவிட்டேன்.

தினமும் பத்து நிமிஷம் காட்டச் சொன்னான். ஆறு வாரம் காட்டினோம். ஒரு செதில் குறையவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போனேன். "பத்து நிமிஷமா? நிஜமான 311ஆக இருந்தா முதல் நாளே தோல் வெந்திருக்குமே, நாங்க ஆரம்பிக்கிறதே விநாடிக் கணக்குல" என்றார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். அடியில் 395. கள்ளநோட்டு பார்க்கிற விளக்கு ரகம். சொரியாசிஸுக்கு அதுவும் ஒன்றுதான், டார்ச் லைட்டும் ஒன்றுதான்.

போன் செய்தால் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்கண்ணே". யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் "ரிட்டர்ன் ஏழு நாள்தான்". கடைசியில் "ஒவ்வொருத்தர் ஸ்கின்னு ஒரு மாதிரி, நம்பிக்கையோட யூஸ் பண்ணச் சொல்லுங்க". நம்பித்தானடா 14,500 போட்டேன்! இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. டாக்டர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். எத்தனை விநாடி காட்ட வேண்டும் என்ற அட்டவணை இல்லாமல் விற்றால் வேண்டாம். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கூடவே வர வேண்டும். எங்களுக்கு வந்தது திருவிழாக் கடைக் கூலிங் கிளாஸ். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், என்னைப் போல ஆறு வாரம் கழித்து அல்ல.

நாளையிலிருந்து அம்மாவோடு முதல் பஸ்ஸில் மதுரை. அந்த 14,500 கையில் இருந்திருந்தால் பஸ் செலவுக்காவது ஆகியிருக்கும்.