மேற்கு அறைக்கு இரட்டைக் கண்ணாடி யன்னல்: கல்லடியில் ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பின் கல்லடி, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் என்பதால், இங்குள்ள வீடுகளின் யன்னல்கள் மேற்கே பிற்பகல் வெயிலையும் கிழக்கே உப்புக் காற்றையும் தாங்க வேண்டியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்த பின்னர், குளிரூட்டி பூட்டியிருந்த மேற்குப் படுக்கையறையின் ஒற்றைக் கண்ணாடி யன்னல்களை மட்டும் கழற்றிவிட்டு, யூபிவிசி எனும் கடின பிளாஸ்டிக் சட்டத்தில், நடுவே இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி பொருத்தினோம்.

விற்பனையாளர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது யூ மதிப்பைத்தான். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் கண்ணாடி வழியே எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதைச் சொல்லும் அந்த எண், ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.7 ஆகவும் சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவிலும் இருக்கும். பனி உறையும் நாடுகளுக்கு அதுவே முதன்மையானது. நமக்கோ வெளியே 33 பாகை, உள்ளே 26 பாகை என்றால் வேறுபாடு ஏழு பாகைதான். அறையைச் சுட வைப்பது நேரே உள்ளே விழும் வெயில். ஆகவே, எஸ்எச்ஜிசி எனப்படும் எண்ணையே, அதாவது கண்ணாடியில் படும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதையே, வற்புறுத்திக் கேட்க வேண்டும். தெளிந்த ஒற்றைக் கண்ணாடியில் அது 0.8 ஐ ஒட்டியிருக்கும். இரட்டையாக்கினால் மட்டும் 0.7 அளவுக்கே குறையும். வெயிலைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சும் சேர்ந்தால்தான் 0.3 வரை இறங்கும். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடிக்கு இங்கே பணம் கொடுப்பது வீண் என்பதே என் உறுதியான கருத்து.

அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாது. இரவில் கண்ணாடிக்கு முன்னே மெழுகுதிரியைப் பிடித்தால், இரு கண்ணாடிகளின் நான்கு முகங்களிலும் பட்டு நான்கு சுடர்கள் தெரியும். அவற்றில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் பூச்சு உண்டு. வெளியே நின்று எண்ணும்போது அது இரண்டாவது சுடராக இருக்க வேண்டும். கண்ணாடியைத் திருப்பிப் பூட்டிவிட்டால் பூச்சு உட்கண்ணாடிக்குப் போய், வெப்பம் அறைப் பக்கமே தேங்கும்.

கச்சான் எனும் வெப்பமான மேல்காற்று வீசும் மாதங்களில், பிற்பகலில் யன்னலோரக் கட்டிலில் இருக்கும்போது முகத்தில் அடித்த அனல் இப்போது இல்லை. குளிரூட்டியும் அடிக்கடி ஓய்வெடுக்கிறது. முன்பு அதிகாலையில் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்து வழிந்த நீர் மரச் சட்டத்தின் அடிக்கட்டையை உக்க வைத்திருந்தது. இப்போது கண்ணாடி காய்ந்திருக்கிறது. இரு கண்ணாடிகளையும் பிரிக்கும் அலுமினியப் பட்டை குளிரைக் கடத்துவதால், விளிம்பில் மட்டும் விரலகல ஈரம் படிகிறது.

குறைகளும் உண்டு. ஒரு கண்ணாடியின் விளிம்பு ஒட்டு விட்டுப்போய், இடைவெளிக்குள் ஈரம் படர்ந்து மங்கியது. துடைத்துத் தீராத பழுது அது. கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டியிருந்தது, உத்தரவாதம் இருந்தும் பல மாதம் அலைய வைத்தார்கள். பிணைச்சல்களின் சாதாரண ஆணிகள் உப்பில் துருப்பிடித்ததால், 316 தரத் துருப்பிடிக்கா உருக்கு ஆணிகளைப் போட்டோம். வாங்குவோர் இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தள்ளு யன்னல் பாதியளவே திறக்கும் என்பதால், மாலைக் காற்றுக்கு முழுவதும் திறக்கும் கதவு யன்னலையே பரிந்துரைப்பேன்.

குளிரூட்டி இல்லாத அறைகளுக்கு இந்தச் செலவு தேவையில்லை. எங்கள் கூடத்தில் யன்னலுக்கு வெளியே அகன்ற தகரச் சாய்ப்பு இறக்கினோம். கண்ணாடியைத் தொடுமுன்பே வெயில் தடைப்படுவதால், அங்குள்ள பழைய முதிரை மர யன்னல்கள் அப்படியே இருக்கின்றன.