பிள்ளைகளோடும் அம்மம்மாவோடும் ஸ்லாவாவின் ஸ்னோஷோ

ரஷ்யக் கோமாளி ஸ்லாவா பொலுனினின் பேச்சில்லாத மேடை நாடகமான ‘ஸ்லாவாவின் ஸ்னோஷோ’ மறுபடி லண்டனுக்கு வந்தால் பிள்ளைகளை மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற அம்மம்மா, அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் பார்த்தது 2023 கிறிஸ்மஸ் காலத்தில், ஹரோல்ட் பின்டர் தியேட்டரில். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு ஐந்து. அம்மாவும் வந்திருந்தார். அம்மாவின் ஆங்கிலம் கடைக்கும் டொக்டரிடமும் போய்வரக் காணும். பிள்ளைகளின் தமிழ் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடும். வேறு நாடகங்களுக்குப் போனால் நடுவில் இருந்து அம்மாவின் காதுக்குள் கதை சொல்வது என் வேலை. இங்கே அந்த வேலை எனக்கு இருக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே அம்மாவும் சின்னவனும் ஒருவரை ஒருவர் முழங்கையால் தட்டித் தட்டிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஸ்லாவா பொலுனின் 1950இல் ரஷ்யாவின் ஒர்யோல் மாகாணத்தில், நோவோசில் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். எஞ்சினியரிங் படிக்கவென்று லெனின்கிராட்டுக்குப் போனவர், அதை விட்டுவிட்டு மௌன நடிப்பில் இறங்கி, அங்கேயே ‘லிட்செதேய்’ என்ற கோமாளிக் குழுவைத் தொடங்கினார். (பிள்ளையை எஞ்சினியராக்க நினைக்கும் பெற்றோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.) ஸ்னோஷோ 1993இல் மொஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியது, 1998இல் லண்டனின் ஒலிவியே நாடக விருதையும் வாங்கியது. முக்கிய பாத்திரமான மஞ்சள் கோமாளி வேடத்தில் எல்லா நாளும் ஸ்லாவாவே வருவதில்லை, வேறு கலைஞர்களும் மாறி மாறி நடிக்கிறார்கள். ஆளைப் பார்க்கவென்று இல்லாமல் காட்சிகளைப் பார்க்கவென்று போனால் ஒரு குறையும் தெரியாது.

கதை என்று ஒன்றைத் தேடாதீர்கள். தொளதொளவென்ற மஞ்சள் உடுப்பும் சிவப்பு மூக்கும் சிவப்புச் சப்பாத்துமாக ஒருவர். அசிஸ்யாய் என்பது அவருடைய பெயர். பச்சை நீளக் கோட்டும், இரண்டு பக்கமும் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காதுத் தொப்பியும், நீள நீளச் சப்பாத்துமாக ஒரு கூட்டம். மஞ்சள்காரர் எதையாவது தொடங்குவார். பச்சைக்காரர் வந்து அதையே திருப்பிச் செய்வார், குழப்புவார், பறிப்பார், பிறகு ஒன்றுமே தெரியாதவர் மாதிரி நிற்பார். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரையும் பார்த்தேன். மகள் மஞ்சள்காரருக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள், மகன் பச்சைக்காரருக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான். மூத்த பிள்ளையாக இருப்பதன் கஷ்டத்தை இவ்வளவு துல்லியமாக மேடையில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் கணிப்பில் இந்த நாடகம் முழுக்க வளர்வது பற்றியதுதான். முற்பாதியில் ஒரு கட்டில் படகாகிறது, தும்புத்தடி பாய்மரமாகிறது, புகை கடலாகிறது, அதற்குள்ளே சுறாவின் செட்டை தெரிகிறது. காய்ச்சல் நாளில் கட்டிலை விட்டு இறங்க விடாத பிள்ளை விளையாடுகிற விளையாட்டு அது. பிறகு இரண்டு பெரிய தொலைபேசிகளோடு ஒருவரே இரண்டு குரலில், எந்த மொழியும் இல்லாத சத்தத்தில் கதைக்கிறார். அரிச்சுவடிக்கு முந்திய வயது. பிற்பாதியில்தான் ஸ்டேஷன் வருகிறது, பெட்டி வருகிறது, பிரிவு வருகிறது. இந்த ஒழுங்கை ஸ்லாவா நினைத்துத்தான் வைத்தாரோ தெரியாது, எனக்கு அப்படித்தான் விளங்கியது.

அந்த ஸ்டேஷன் காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கோட் ஸ்டாண்ட், அதில் ஒரு நீளக் கோட்டு, மேலே ஒரு தொப்பி. அவ்வளவுதான் சாமான். மஞ்சள் கோமாளி கோட்டைத் தூசி தட்டுகிறார். தட்டிக்கொண்டே ஒரு கையைக் கோட்டின் கைக்குள் விடுகிறார். அந்த நொடியிலிருந்து அந்தக் கை அவருடையதில்லை. அது மெல்ல எழும்புகிறது, கொஞ்சம் தயங்குகிறது, அவருடைய தோளில் இருக்கிற தூசியைத் தட்டிவிடுகிறது. பிறகு அவரை இழுத்து அணைக்கிறது. அவர் முதலில் திடுக்கிடுகிறார், பிறகு அந்த வெறும் கோட்டின் நெஞ்சில் தலையை வைக்கிறார். வெளிக்கிடும் நேரம் அவருக்குத் தெரியாமல் ஒரு கடிதத்தை அவருடைய பொக்கற்றுக்குள் வைத்துவிடுகிறது.

“அது அவற்ற கைதான்!” என்று சின்னவன் பலமாகச் சொன்னான். முன் கதிரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெயில் சத்தம் கேட்டு, கோமாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும், அதே பிள்ளை அந்தக் கோட்டுக்கு “பாய்” என்று கை காட்டினான். நான் இதைத்தான் சொல்ல வருகிறேன். வித்தை எப்படி நடக்கிறது என்று பிள்ளைக்கு வடிவாகத் தெரியும், தெரிந்துகொண்டே நம்புகிறான். நல்ல சிறுவர் அரங்கு அந்த இடத்தில்தான் நிற்கிறது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் அண்ணாவை யாழ்தேவி ரெயிலில் ஏற்றிவிட்டவர் அவர். ஸ்டேஷனில் நின்று அண்ணாவின் ஷேர்ட்டில் இல்லாத தூசியைத் தட்டியதை எனக்கு நினைவிருக்கிறது, நான் அப்போது சின்னப்பிள்ளை. மகள் அவருடைய கையைப் பிடித்து, “ஏன் அம்மம்மா அழுறீங்கள்?” என்று கேட்டாள். “ஒண்டுமில்லை பிள்ளை, அந்தப் பெடியன் கவனமாப் போய்ச் சேர வேணும்” என்றார். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கடிதம் இருக்குத்தானே” என்றாள். வீட்டில் இந்த இரண்டு பேரும் அப்படி ஒரு விஷயத்தை இதுவரை கதைத்ததில்லை.

கடிதம் என்ன ஆனது என்றால், அவர் அதைப் படித்துவிட்டுக் கிழிக்கிறார். துண்டுகள் மேலே இருந்து பனியாக விழத் தொடங்குகின்றன. அதிலிருந்துதான் புகழ்பெற்ற அந்தப் பனிப்புயல். 1994இல் கனடாவின் சர்க்கஸ் குழுவான சர்க் டு சொலேயின் ‘அலெக்ரியா’ நிகழ்ச்சியிலும் இதே புயல் இடம்பெற்றது. மேடையிலிருந்து இராட்சதக் காற்று, கண் கூசும் வெள்ளை வெளிச்சம், கார்ல் ஓர்ஃபின் ‘ஓ ஃபோர்ச்சுனா’ என்ற இசை நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தத்தில். வெள்ளைத் தாள்துண்டுகள் முகத்தில் வந்து அறைகின்றன. மகள் எழுந்து நின்று கத்தினாள், சந்தோஷத்தில். மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தான். புயல் ஓய்ந்த பிறகுதான் தலையைத் தூக்கினான்.

ஆகவே வயது விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். எட்டு வயதும் அதற்கு மேலும் என்றுதான் பரிந்துரைக்கிறார்கள், அது வெறும் சம்பிரதாயத்துக்குப் போட்டதில்லை. புயல் மட்டுமல்ல காரணம். தொடக்கக் காட்சியில் மஞ்சள் கோமாளி கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு வருகிறார். கயிற்றை இழுக்க இழுக்க அதன் மறுமுனையில் இன்னொரு கோமாளி, அவர் கழுத்திலும் சுருக்கு. பெரியவர்களுக்கு அது தனிமையும் துணையும் பற்றிய அருமையான படிமம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கழுத்தில் கயிறு. இன்னொரு காட்சியில் உடம்பெல்லாம் அம்பு தைத்தபடி ஒருவர் செத்துச் செத்து விழுகிறார். சின்னவன் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான், ஆனால் உங்கள் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத்தான் தெரியும். சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளையென்றால் காதை மூடும் ஹெட்போன் கொண்டுபோங்கள். நான் கொண்டு போயிருந்தேன், அது இல்லாவிட்டால் அவனை வெளியே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

சில இடங்கள் எனக்கு நீளமாக இருந்தன. ஒருவர் மேடையில் சும்மா நின்று எங்களைப் பார்க்கிற மௌனங்கள் அழகானவை, ஆனால் அடுத்தடுத்து இரண்டு வந்தால் சின்னதுகள் கதிரையில் வழுக்கத் தொடங்கிவிடும். அதற்கு மருந்து மாதிரி முற்பாதியின் முடிவில் சிலந்திவலை வருகிறது. மேடையில் ஒரு துண்டு நூலாம்படையைத் துடைக்கப் போய், அது விரிந்து விரிந்து எங்கள் தலைக்கு மேலே வந்துவிடும். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அம்மாவின் கொண்டையில் அது சிக்கிக்கொண்டது. பின்னால் இருந்த ஒரு முதியவர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எடுத்துவிட்டார், இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் சிறுவர் நாடகங்களைப் பள்ளிக்கூட மேடையில் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு, பிள்ளைகளைப் பார்வையாளராக மதிக்கும் அரங்கு புதிதில்லை. அங்கே பாட்டும் ஆட்டமும் கதையும் நிறைய. இங்கே அதே மதிப்பு, பேச்சில்லாமல். சிரிக்க வைத்து ஒரு பாடம் சொல்லிக் கொடுப்போம் என்ற நினைப்பே இந்தக் கோமாளிகளிடம் இல்லை. அதனால்தான் இங்கே பிள்ளைகளுக்காக நடக்கிற கனக்க மேடைகளை விட இதை மேலே வைக்கிறேன்.

ரிக்கெற் எடுக்கும்போது காசு கொஞ்சம் கூடினாலும் கீழ்த்தளத்தில் எடுங்கள். வலையும் பனியும் கோமாளிகளும் அங்கேதான் வருகிறார்கள், மேல் மாடியில் இருந்தால் படம் பார்ப்பது போலத்தான். இடைவேளையில் கழிவறைக்கு ஒருவர் போக, மற்றவர் பிள்ளைகளோடு கதிரையிலேயே இருங்கள்: பச்சைக் கோமாளிகள் ஆட்களின் தலைக்கு மேலால் கதிரை கதிரையாக ஏறி நடக்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கம்பளி உடுப்பு வேண்டாம், தாள்துண்டு ஒட்டினால் போகாது. இடைவேளையோடு சேர்த்து இரண்டு மணித்தியாலத்துக்குள் நாடகம் முடிந்துவிடும், ஆனால் உடனே வெளிக்கிடாதீர்கள். கடைசியில் மனித உயரத்துக்கும் மேலான பெரிய வர்ணப் பந்துகளைச் சபைக்குள் உருட்டிவிடுகிறார்கள், விளையாட்டு வெகுநேரம் நடக்கும். அதுவரை என் மடியில் இருந்த மகன் இறங்கி ஓடியது அப்போதுதான். அம்மாவும் ஒரு பந்தைத் தள்ளினார்.