என்எஃப்எல் பிளஸ் பிரீமியம்: புதுமுக க்வார்ட்டர்பேக்கின் கால்களைப் பார்ப்பதற்காகவே ஒரு சந்தா

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் சந்தாச் சேவை, என்எஃப்எல் பிளஸ் பிரீமியத்துக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான். ஒரு புதுமுக க்வார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வாராவாரம் எப்படித் தேறி வருகிறார் என்று உட்கார்ந்து பார்க்கும் ஆசை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள், அந்த ஆசை இல்லாவிட்டால் வேண்டாம். நேரலைக்கு இது சரியான வழி இல்லை. உள்ளூர் ஆட்டங்களைப் போனிலும் டேப்லெட்டிலும்தான் பார்க்க முடியும். ஹைலைட்ஸ் யூடியூபிலேயே இலவசம். நம் பணத்துக்கு மதிப்பு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், கோச்சஸ் ஃபிலிம், அதாவது ஆல்-22.

மைதானத்தில் இருக்கும் 22 பேரும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து எடுக்கும் ஒளிப்பதிவு இது. அணிகளின் பயிற்சியாளர்கள் கையில் மட்டும் இருந்ததை 2012இல்தான் லீக் ரசிகர்களுக்கும் திறந்துவிட்டது. ஒவ்வொரு ஆட்ட நகர்வும் இரண்டு முறை வரும்: ஒரு தடவை பக்கவாட்டுக் கோணம், உடனே அதே நகர்வு மைதானக் கோடியிலுள்ள எண்ட் ஸோனுக்குப் பின்னாலிருந்து. பக்கவாட்டுக் கோணத்தில் ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) ஓடும் பாதையும் பின்களத் தடுப்பும் தெளிவாகத் தெரியும், ஆனால் க்வார்ட்டர்பேக் எறும்பு அளவுதான் இருப்பார். எண்ட் ஸோன் கோணம்தான் விஷயம். அவருக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல இருக்கும். பின்னங்கால் எங்கே விழுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, பந்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாரா, எல்லாம் அதில் கிடைக்கும். டிவி கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடிவிடுவதால் இந்த முழுப் படம் அங்கே கிடைப்பதில்லை.

கால்களை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும் என்றால், க்வார்ட்டர்பேக்குக்குக் கால்தான் கடிகாரம். பந்தைக் கொடுக்கும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்கி ஐந்து எட்டு வைத்துப் பின்வாங்குவார், ஷாட்கன்னில், அதாவது சில கெஜம் தள்ளி, நின்றால் மூன்று எட்டு. கடைசி எட்டு தரையில் ஊன்றும் நொடியில் முதல் ரிசீவர் காலியாக இருந்தால் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இல்லையா, முன்னால் ஒரு சின்ன எட்டு, கண் இரண்டாம் ரிசீவருக்குப் போகும், இன்னொரு சின்ன எட்டு, மூன்றாமவர். பயிற்சியாளர்கள் இதை ஹிட்ச் என்பார்கள். புதுமுகத்திடம் முதலில் உடைவது இந்தத் தாளம்தான். முதல் ரிசீவர் மூடப்பட்டிருந்தால் கால் அப்படியே நின்றுவிடும், அல்லது நின்ற இடத்திலேயே படபடவென்று தட்டும், அல்லது கண் கீழே இறங்கி எதிரே பாய்ந்து வருகிறவனைப் பார்க்க ஆரம்பித்துவிடும்; அப்புறம் தூரத்தில் ஒருவர் காலியாக நின்று கை ஆட்டினாலும் தெரியாது.

பாக்கெட் விஷயமும் அப்படித்தான். க்வார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையில் நிற்கும் ஐந்து லைன்மேன்கள் சேர்ந்து கட்டும் வளையம் அது, ஓரத்தில் இருக்கும் இரண்டு டாக்கிள்களும் பாய்ந்து வருகிறவனை நேராக நிறுத்துவதில்லை, வெளியே வளைத்துத் தள்ளி க்வார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போகவிடுவார்கள். க்வார்ட்டர்பேக் தனக்குச் சொல்லப்பட்ட ஆழத்தில் நின்று முன்னால் ஏறினால் அந்த டாக்கிள் வேலையைச் சரியாகச் செய்தவர். க்வார்ட்டர்பேக்கே பயந்து இன்னும் இரண்டு எட்டு பின்னால் போனால், டாக்கிள் தள்ளிவிட்டவன் நேராக அவர் முதுகில் போய் விழுவான். ஸ்கோர் அட்டையில் ஒரு சாக் (எறியும் முன் க்வார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), வர்ணனையாளர் வாயில் டாக்கிளுக்குத் திட்டு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை, பந்தின் லெங்த்தை முன்கூட்டியே கணித்துக் கால் வைக்கும் பேட்ஸ்மேனுக்கு நேரம் மிச்சம் இருப்பது போலத் தெரியுமே, அதே சங்கதி.

இந்தச் சேவையின் அருமை எனக்குப் புரிந்தது ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் 2023 சீசனில். அந்த வருட டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாவதாக எடுக்கப்பட்ட க்வார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் முதல் ஆட்டத்தில் பால்டிமோரிடம் ஐந்து சாக், இரண்டாவதில் இண்டியானாபோலிஸிடம் ஆறு சாக், இரண்டிலும் தோல்வி. இடது டாக்கிள் லாரமி டன்சில் இரண்டாவது ஆட்டத்திலேயே இல்லை, லைனில் வேறு சிலரும் காயத்தால் வெளியே. பையனை இப்படியே அடிபட விட்டால் அழிந்துபோவான் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். நான்காவது வாரம் வந்தது பிட்ஸ்பர்க், அந்த வருடம் 19 சாக்குடன் லீக்கிலேயே முதலிடத்தில் முடித்த டி.ஜே. வாட் இருக்கும் அணி. டன்சில் அப்போதும் திரும்பவில்லை, மாற்று ஆட்கள்தான் நின்றார்கள். 30-6 வெற்றி, ஸ்ட்ரவுட் 306 கெஜம், சாக் ஒன்றுகூட இல்லை.

லைன் திடீரென்று நல்லதாகிவிடவில்லை. இண்டியானாபோலிஸ் ஆட்டத்தையும் இந்த ஆட்டத்தையும் எண்ட் ஸோன் கோணத்தில் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள், பந்து கையில் தங்கும் நேரத்தை மட்டும் மனதில் எண்ணிக்கொண்டே. ஆட்டத்திட்டம் வகுத்த பாபி ஸ்லோவிக்குக்கு இதில் பெரிய பங்கு உண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்தவர், கால் ஊன்றியதும் பந்து பறக்கும்படியான ஏற்பாடுகள் நிறைய வைத்திருந்தார். ஆனால் ஏற்பாடு இருந்தால் போதாது, அதை நம்பிக் கால் அந்த இடத்தில் நிற்க வேண்டும். ஸ்ட்ரவுட்டிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது பெரிய ஓட்டங்கள் இல்லை, பாக்கெட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் அரை எட்டு சறுக்கி, தோளை இறக்காமல், கண்ணைத் தூரத்திலிருந்து எடுக்காமல், அடுத்த நொடியே எறியத் தயாராக நிற்பது. ஓஹையோ ஸ்டேட் கல்லூரி அணியில் இருந்தபோது நெருக்கடியில் நகர மாட்டார் என்று அவர்மேல் ஒரு குறை இருந்தது, 2022 டிசம்பர் 31 அன்று ஜார்ஜியாவிடம் 42-41 என்று தோற்ற பீச் பவுலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டார், ஆனாலும் ஒரு ஆட்டம்தானே என்று நம்பாதவர்கள் இருந்தார்கள். நம்பாதவர்களுக்கு நான் காட்டுவது ஒன்பதாவது வாரத்து டாம்பா பே ஆட்டத்தை: 470 கெஜம், புதுமுகங்களில் அதுவரை யாரும் ஒரே ஆட்டத்தில் எட்டாத தூரம், ஐந்து டச்டவுன் (பந்தை எண்ட் ஸோனில் சேர்ப்பது). 46 நொடி மிச்சம் இருக்கும்போது பின்தங்கி இருந்தார்கள், 75 கெஜம் போக வேண்டும், ஆறு நொடி இருக்கும்போது எண்ட் ஸோனில் ரிசீவர் டேங்க் டெல் கையில் பந்து, 39-37. (உதையாளர் காயமடைந்து, பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக் டேரே ஒகுன்பவாலே ஃபீல்ட் கோல் அடித்ததும் இதே ஆட்டத்தில்தான், அதையும் விட்டுவிடாதீர்கள்.) அந்தக் கடைசி நகர்வுகளை ஒலி இல்லாமல், வர்ணனை இல்லாமல், கால்களை மட்டும் பார்த்தால் அவசரம் என்ற ஒன்று அவரிடம் இருந்ததா என்றே தோன்றும்.

சரி, இந்த ஒளிப்பதிவில் கிடைக்காதது என்ன? ஒலி சுத்தமாக இல்லை, அதனால் ஸ்னாப்புக்கு, அதாவது சென்டர் பந்தைக் கொடுப்பதற்கு, முன்னால் லைனுக்கு அவர் என்ன கத்தினார் என்று தெரியாது. எந்த நகர்வு அழைக்கப்பட்டது என்றும் தெரியாது. ஒரு பிளிட்ஸ் (எதிரணி கூடுதல் ஆட்களை அனுப்பிப் பாய்வது) தடுக்கப்படாமல் உள்ளே வந்தால் அது சென்டர் தவறா, ரன்னிங் பேக் தவறா, க்வார்ட்டர்பேக்கே சமாளிக்க வேண்டியதா என்பதைப் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சொல்கிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். ஆட்டம் முடிந்த கையோடு ஆல்-22 வந்துவிடாது, காத்திருக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு விளக்கம் எதுவும் கூட வராது என்பதும் பெரிய குறைதான். அதற்கு முன்னாள் க்வார்ட்டர்பேக் ஜே.டி. ஓ'சல்லிவன் யூடியூபில் நடத்தும் க்யூபி ஸ்கூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கால் வேலையை அவர் அளவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

விலை: 2023இல் பிரீமியம் மாதம் 14.99 டாலர், சாதா என்எஃப்எல் பிளஸ் 6.99. சாதாவில் கோச்சஸ் ஃபிலிம் கிடையாது, அதனால் இந்தக் காரணத்துக்காக எடுப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ஆண்டு முழுக்கக் கட்டவும் அவசியம் இல்லை, செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை இருந்தால் போதும் என்பது என் கருத்து. இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. 2023 முதல் வெளிநாடுகளில் என்எஃப்எல்லின் கேம் பாஸ் சந்தா டஸோன் என்ற ஸ்ட்ரீமிங் தளம் வழியாக வருகிறது, அங்கே எடுப்பவர்கள் அவர்கள் திட்டத்தில் என்னென்ன அடக்கம் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

முதல் சீசனோடு ஸ்ட்ரவுட்டை நிறுத்திவிடாதீர்கள். 2023இல் 15 ஆட்டத்தில் 4,108 கெஜம், 23 டச்டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட எறிதல்), ஆண்டின் சிறந்த புதுமுக அட்டாக் வீரர் விருது. 2024இல் 52 சாக், 12 இன்டர்செப்ஷன். அந்த இரண்டாம் வருட ஒளிப்பதிவைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நடுவில் இருந்து பாக்கெட் உடைந்துகொண்டே இருந்தால் முன்னால் ஏற இடமே இருக்காது, ஏறிப் பழகிய கால் பின்னால் போகப் பழகிவிடும், பிறகு பாதுகாப்பு நன்றாக இருக்கும் நகர்வில்கூட அது பின்னாலேயே போகும். புதுமுகம் ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டது அப்படியே நிலைத்துவிடும் என்று நினைப்பவர்கள் 2023 பிட்ஸ்பர்க் ஆட்டத்தைப் பார்த்த கையோடு 2024இன் பின்பாதி ஆட்டம் ஏதாவது ஒன்றைப் போட்டு, பந்தை மறந்துவிட்டு, அவருடைய பின்னங்காலை மட்டும் பாருங்கள்.